பட்டணத்தில் கார் நிறுத்தக் கட்டணம்: ஏன் ஏறுகிறது, எப்படிச் சமாளிப்பது?

சாஆ, லாபிஸ், பெக்கோக் வட்டாரத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு வேலையாகப் புறப்படும் குடும்பம் பெட்ரோலுக்கும் டோலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். கார் நிறுத்தும் செலவு மட்டும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. சிறு பட்டணத்தில் கடைக்கு முன்னாலேயே காரை நிறுத்திப் பழகியவர்களுக்கு அது ஒரு செலவாகவே தோன்றாது.

மாநகரில் நிலைமை வேறு. மருத்துவமனையில் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஆறு மணி நேரம் இழுக்கும். செலுத்திய நேரம் தீர்ந்து, திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியில் அபராத நோட்டீஸ் இருக்கும். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலைக்குப் பிரித்தால் நாளுக்கு 65 ரிங்கிட் 38 காசு. அந்த வருமானத்தில் ஒரு நோட்டீஸ் என்பது சிறிய தொகை அல்ல. ஆகவே, இந்தக் கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது, எப்படி மாறி வருகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இடத்திற்கு ஏன் விலை?

ஒரு கார் நிறுத்தக் கட்டம் ஏறக்குறைய 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்டது. அதாவது 11 சதுர மீட்டருக்கும் மேல். அடுக்கு நிறுத்துமிடமாக இருந்தால் கார் உள்ளே வருவதற்கும் திரும்புவதற்கும் தேவைப்படும் பாதையையும் சேர்த்து, ஒரு காருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும். நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கும் வணிகப் பகுதியில் ஒரு காரை நாள் முழுதும் வைத்திருப்பது, ஒரு சிறிய கடையின் இடத்தைப் பிடித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

சாலையோரக் கட்டணத்தின் முதல் நோக்கம் வசூல் அல்ல. ஒரே கார் காலை முதல் மாலை வரை ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளாமல், பலருக்கு அந்த இடம் மாறி மாறிக் கிடைக்க வேண்டும் என்பதுதான். உலகின் முதல் நிறுத்தக் கட்டண மீட்டர் 1935 ஜூலை 16ஆம் தேதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் நிறுவப்பட்டது. மணிக்கு 5 காசு வாங்கினார்கள். அங்கும் பிரச்சினை இதுவேதான். கடைகளில் வேலை செய்பவர்களின் கார்கள் கடை முன்னாலேயே நாள் முழுதும் நின்றதால், பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் நிற்பவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

அமெரிக்கப் பேராசிரியர் டோனல்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று இல்லை என்பது அவர் வாதம். காரை நிறுத்துபவர் கொடுக்காத பணத்தைக் கடை வாடகையாகவும் பொருள் விலையாகவும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். கார் இல்லாதவரும் அதில் பங்கு கொடுக்கிறார். ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் வைக்க வேண்டும், வசூலாகும் பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் துப்புரவுக்கும் செலவிட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

கோலாலம்பூரும் சிங்கப்பூரும்

கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2016 ஜூலையில் நகர மையத்தின் சாலையோரக் கட்டணத்தை உயர்த்தியது. முதல் மணி நேரத்திற்கு 2 ரிங்கிட், அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 3 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. இந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரம் நிறுத்துபவருக்கு 2 ரிங்கிட். எட்டு மணி நேரம் நிறுத்துபவருக்கு 23 ரிங்கிட். நேரம் கூடக் கூட விலையும் கூடுவதன் நோக்கம், வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் புறப்படுங்கள் என்பதுதான்.

சிங்கப்பூரில் அரசு நிறுத்துமிடங்களுக்கு 2016 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணம், நகர மையத்தில் அரை மணி நேரத்திற்கு 1 வெள்ளி 20 காசு, மற்ற இடங்களில் 60 காசு. மையத்தில் எட்டு மணி நேரம் நிறுத்தினால் 19 வெள்ளி 20 காசு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட்டுக்கு மேல் இருக்கும் நிலையில், இது ஏறக்குறைய 60 ரிங்கிட். நமது ஒரு நாள் குறைந்தபட்சச் சம்பளம் கிட்டத்தட்ட அப்படியே போய்விடும். மோட்டார் சைக்கிளுக்கோ அங்குப் பகல் முழுவதற்கும் 65 காசுதான். ஜொகூரிலிருந்து அக்கரைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளையே நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜொகூர் பாருவில் நெருக்கடி ஏன்?

1994 ஜனவரி 1ஆம் தேதி மாநகர் தகுதி பெற்ற ஜொகூர் பாருவின் பழைய மையம் அளவில் சிறியது. ஜாலான் வோங் ஆ ஃபுக், ஜாலான் திரஸ், இராஜமாரியம்மன் ஆலயம் அமைந்துள்ள ஜாலான் உங்கு புவான் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியவை. கார்கள் குறைவாக இருந்த காலத்தில் அமைந்த தெருக்கள் அவை. அவற்றை அகலப்படுத்த இடமில்லை.

அந்தச் சிறிய இடத்திற்கு மூன்று தரப்பினர் போட்டியிடுகிறார்கள். கடைக்கும் கோவிலுக்கும் அலுவலகத்திற்கும் வரும் உள்ளூர் மக்கள் ஒரு தரப்பு. வாகனத்தை இக்கரையில் விட்டுவிட்டு குடிநுழைவு வளாகத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள் இரண்டாம் தரப்பு; இவர்களின் வாகனங்கள் விடிகாலை முதல் இரவு வரை நகராது. வார இறுதியில் பேரங்காடிகளுக்கு வரும் சிங்கப்பூர் கார்கள் மூன்றாம் தரப்பு.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. இப்போது இரு கரையிலும் விடுமுறை ஒரே நாள்களில் வருகிறது. அந்த இரண்டு நாள்களில் மையத்தில் இடம் தேடுவது சிரமம். அரசு அலுவலக வேலையாக வருபவர்கள் இந்த மாற்றத்தை மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வேலை நாள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கூப்பன் போய் கைப்பேசி வந்தது

ஒரு காலத்தில் கடையில் கூப்பன் வாங்கி, தேதியையும் நேரத்தையும் சுரண்டி, கண்ணாடிக்குள் வைத்தால் போதும். இப்போது ஜொகூரின் ஊராட்சி மன்றங்கள் கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டன. பிபிடி பே என்ற செயலியில் முதலில் பணம் சேர்த்து, வாகன எண்ணைப் பதிந்து, எந்த ஊராட்சி மன்றத்தின் பகுதி என்பதைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைச் செலுத்த வேண்டும். ஜொகூரில் 16 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசீர் கூடாங் ஆகிய மூன்றும் தனித்தனி மாநகர் மன்றங்கள். சில நிமிடப் பயணத்தில் ஒன்றின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குள் போய்விடலாம்.

செயலியால் நன்மை உண்டு. மருத்துவமனை வரிசையில் அமர்ந்தபடியே நேரத்தை நீட்டிக்கலாம். செலுத்தியதற்குப் பதிவும் இருக்கும். சிங்கப்பூரில் 2017 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட பார்க்கிங் எஸ்ஜி செயலி நிமிடக் கணக்கில் வசூலிக்கிறது. சீக்கிரம் புறப்பட்டால் மீதிப் பணம் திரும்பி வருகிறது.

ஆனால், சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் முதியவருக்கும், இணையத் தரவு தீர்ந்துபோனவருக்கும் இது ஒரு தடை. கையில் காசு இருந்தும் கட்ட வழி தெரியாமல் அபராதம் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதில் உதவலாம். காரின் எண்ணைத் தெரிவித்தால், காரில் இல்லாதவரும் தம் கைப்பேசியிலிருந்து கட்டணம் செலுத்த முடியும். அப்பா ஜொகூர் பாருவில் இருக்க, மகள் சாஆவிலிருந்தே கட்டிவிடலாம். எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அது வேறொரு காருக்குக் கட்டியதாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அபராதமும் அதிகாரமும்

சாலையோர நிறுத்தக் கட்டணம் வாங்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. அவை கொடுக்கும் கம்பவுன் நோட்டீஸ், போலீசாரும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் கொடுக்கும் சம்மனிலிருந்து வேறுபட்டது. ஒன்றைக் கட்டினால் மற்றொன்று தீராது. நோட்டீசின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ அங்குதான் கட்ட வேண்டும். சீக்கிரம் கட்டுபவருக்குத் தொகையைக் குறைக்கும் வழக்கம் பல மன்றங்களில் உண்டு. கட்டாமல் விட்டால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். கட்டணம் செலுத்தியும் நோட்டீஸ் வந்திருந்தால், செயலியில் உள்ள பதிவைப் படம் பிடித்து மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பேரங்காடி, தனியார் கட்டடம், காலி நிலம் ஆகியவற்றில் உள்ள நிறுத்துமிடங்களின் கட்டணத்தை அவற்றை நடத்துபவர்களே நிர்ணயிக்கிறார்கள். முதல் மணி நேரத்திற்கு ஒரு விலை, நாள் முழுவதற்கும் ஓர் உச்சவரம்பு, வார இறுதிக்கு வேறு விலை என்று இடத்திற்கு இடம் மாறும். சீட்டு தொலைந்தால் கட்ட வேண்டிய தொகையும் நுழைவாயில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே நுழையும் முன் அதைப் படிப்பது அரை நிமிட வேலை.

சாலையோரத்தில் கையைக் காட்டி இடம் பிடித்துக் கொடுத்து, சில ரிங்கிட் கேட்கும் ஆசாமிகள் வேறு இருக்கிறார்கள். சாலையில் இப்படிப் பணம் கேட்பது அதே சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி குற்றம். அவர்களிடம் கொடுத்த பணம் மன்றத்திற்குப் போவதில்லை. அவர்களிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்பவும் முடியாது.

மாறிவரும் போக்கு

உலக நகரங்களில் மூன்று மாற்றங்கள் தெரிகின்றன. முதலாவது, தேவைக்கேற்ப மாறும் விலை. சான் பிரான்சிஸ்கோ 2011இல் தொடங்கிய திட்டத்தில், நெரிசலான தெருவில் கட்டணம் ஏறியது. காலியாகக் கிடந்த தெருவில் இறங்கியது. இரண்டாவது, நிறுத்துமிடத்தைக் குறைத்து நடப்பவருக்கு இடம் கொடுப்பது. சென்னைக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை அகலப்படுத்தப்பட்டது. சாலையோரம் நின்ற வாகனங்களுக்காக அருகில் பல அடுக்கு நிறுத்துமிடம் கட்டப்பட்டது. மூன்றாவது, காரை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு ரயிலிலோ பேருந்திலோ மையத்திற்குப் போவது.

ஜொகூருக்கு நெருக்கமானது இந்த மூன்றாவது வழிதான். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் மின்மயமாகியுள்ளது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், குளுவாங் எல்லாம் இந்தத் தடத்தில்தான் உள்ளன. சாஆவில் ரயில் நிலையம் இல்லை என்றாலும், லாபிஸும் பெக்கோக்கும் தூரமில்லை. ரயில் சேரும் ஜேபி சென்ட்ரல் மாநகரின் மையத்திலேயே இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை 4 கிலோமீட்டர் நீளத்தில் அமையும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லக்கூடியது. அது ஓடும்போது சாலையில் நெரிசல் குறையலாம். ஆனால், ரயிலைப் பிடிக்கக் காரில் வருபவர்களுக்குப் போதிய நிறுத்துமிடமும் இணைப்புப் பேருந்தும் இல்லாவிட்டால், நெருக்கடி பாலத்திலிருந்து நிலைய வாசலுக்கு இடம் மாறும்; அவ்வளவுதான்.

புறப்படும் முன்

மருத்துவமனைக்குச் செல்பவர்கள் நோயாளியையும் துணைக்கு ஒருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் மட்டும் தள்ளி நிறுத்திவிட்டு வரலாம். பல மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால், நாள் உச்சவரம்பு உள்ள தனியார் இடமே பெரும்பாலும் மலிவு. கால் மணி நேர வேலைக்குச் சாலையோரம் போதும். இரட்டை வரிசையில் நிறுத்துவது, ஹைட்ரண்ட் முன் நிறுத்துவது, மாற்றுத் திறனாளிகளின் கட்டத்தில் நிறுத்துவது ஆகியவை எந்த அவசரத்திலும் கூடாது. ஓகேயு அட்டை வைத்திருப்பவர்கள், நிறுத்தச் சலுகை பெறும் முறை பற்றி அந்தந்த ஊராட்சி மன்றத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

செயலியை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து, கார் எண்ணைச் சரிபார்த்து, சில ரிங்கிட் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தனியாகச் செல்பவர் அன்றைய செலவைப் பேருந்து, ரயில் டிக்கெட்டோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. பெட்ரோல், டோல் கணக்கோடு நிறுத்தக் கட்டணத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், வேலை முடிந்து திரும்பும்போது கண்ணாடியில் நோட்டீஸ் காத்திருக்காது.