எழுபத்திரண்டு வாக்குகள்

1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பற்மானின் துணைவன் ரொபின், விசுவாசமான பிள்ளை. 1988 இல் சித்திரக்கதையில் அப்பெயர் தாங்கிய ஜேசன் ரொட் வேறு வார்ப்பு, முன்கோபி. சட்டத்துக்குத் தப்பிய கொடியவன் ஒருவன் அவன் கண்முன்னே மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜேசன் தள்ளினானா, அவனாகவே தவறினானா? கதாசிரியர் ஜிம் ஸ்ரார்லின் சொல்லாமலே விட்டார். அவ்வாண்டே, ஜேசன் வாழ்வதா சாவதா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டது பதிப்பகம். அழைப்பொன்றுக்கு 50 சதம். சாகட்டும் என்றவை 5,343. வாழட்டும் என்றவை 5,271. ஜோக்கரின் கையில் மாண்டான். ஒருவரே பலமுறை அழைக்கலாம். ஆகவே, நேயர்களே, இதை வாசகர் தீர்ப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் முடிவாகாத பிள்ளைக்குத் தண்டனை மட்டும் முடிவாயிற்று. 2005 இல் அவனை உயிர்ப்பித்தார்கள். அந்த மாடிக் கேள்விக்கு இன்றும் இரு கட்சி.