இளம் கால்நடை அறிவியலாளர்களுக்கான நல்கைகள் (இந்தியா)

இளம் கால்நடை அறிவியலாளர்களுக்கான நல்கைகள் என்பவை கால்நடை மருத்துவம், விலங்கு உற்பத்தி, விலங்கு உயிரியல் ஆகிய துறைகளில் ஆய்வு வாழ்வைத் தொடங்குவோருக்கு வழங்கப்படும் நிதியுதவிகள் ஆகும். இவை ஆய்வு நல்கை, பயண நல்கை என இரு வகைப்படும். ஆய்வு நல்கை கருவிகள், வேதிப்பொருட்கள், களப்பணி, உதவியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கு உதவுகிறது. பயண நல்கை மாநாடுகளில் கட்டுரை வாசிக்கவும், பிற ஆய்வகங்களில் நுட்பங்களைக் கற்கவும் உதவுகிறது.

பின்னணி

இந்தியாவில் கால்நடை ஆராய்ச்சி 1889இல் புனேயில் தொடங்கப்பட்ட நுண்ணுயிரியல் ஆய்வகத்துடன் அமைப்பு வடிவம் பெற்றது. இதுவே பின்னாளில் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1929இல் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலும், இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1932இலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இலும் தொடங்கப்பட்டன.

ஆம்பூர் பகுதியும் கால்நடை ஆய்வும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப் பகுதி ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தோலின் தரம் தொழிற்சாலையில் மட்டும் முடிவாவதில்லை. உண்ணிக்கடி, சொறி, ஆட்டம்மை, தோல் கழலை நோய் ஆகியவை விலங்கு உயிரோடிருக்கும்போதே தோலில் வடுக்களை உண்டாக்குகின்றன. இவற்றுட் பல மயிர் நீக்கிய பின்னரே கண்ணுக்குப் புலப்படும். வடுப்பட்ட தோலுக்கு விலை குறைவு. எனவே தோல் பதனிடும் முறைகளை ஆராய 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியும், கால்நடை மருத்துவ ஆய்வாளரின் பணியும் ஒன்றையொன்று சார்ந்தவை.

தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலில் 2019இல் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022இல் இராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் பெருமளவு பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்கள் உருவாக்கிய தடுப்பூசி வெளியிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இந்நோய், பன்னாட்டு ஆய்வுத் தொடர்பின் தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

முக்கிய திட்டங்கள்

இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம்: இன்ஸ்பயர் திட்டம் அறிவியல் தொழில்நுட்பத் துறையால் 2008இல் தொடங்கப்பட்டது. அதன் ஒரு பகுதியான ஆசிரியர் திட்டம், முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு ஐந்தாண்டு ஊதியமும் ஆய்வு நல்கையும் வழங்குகிறது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32 ஆகும்.

நேதாஜி சுபாஷ் பன்னாட்டு உதவித்தொகை: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2009–10இல் தொடங்கியது. வேளாண்மை மற்றும் அதனைச் சார்ந்த துறைகளில் வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள உதவுவது. விலங்கு அறிவியலும் இதில் அடங்கும்.

தொடக்க ஆய்வு நல்கை: அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இரண்டு ஆண்டுகளுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை வழங்கியது. இவ்வாரியம் பன்னாட்டுப் பயண ஆதரவுத் திட்டத்தின் வழியாக, வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசிப்போருக்கு விமானக் கட்டணம் முதலியவற்றுக்கும் உதவியது.

பிரதமர் இளநிலை ஆய்வு நல்கை: 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்பு, மேற்கண்ட வாரியத்தின் பணிகளை ஏற்றுக்கொண்டது. இவ்வமைப்பு 2024இல் அறிவித்த இந்நல்கை மூன்று ஆண்டுகளுக்கு 60 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது.

உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் ஆகியவையும் பயண உதவி வழங்கியுள்ளன. பன்னாட்டு அளவில் ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த், ஹம்போல்ட் உதவித்தொகைகள் குறிப்பிடத்தக்கவை.

இடர்ப்பாடுகள்

கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டத்துக்கு உள்ளகப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் தேவை. முதுநிலைக்கு இரண்டும், முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றும் சேர்த்தால் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. இடையில் அரசு கால்நடை மருந்தகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவர், ஆய்வுக்குத் திரும்பும்போது 32 வயது வரம்பைக் கடந்திருக்கக்கூடும். ஆனால் நோய்களைக் களத்தில் நேரில் கண்டவரும் அவரே.

பயண நல்கைகள் பலவற்றில், பயணம் முடிந்து பற்றுச்சீட்டுகளை அளித்த பின்னரே பணம் கிடைக்கிறது. கையிருப்பு இல்லாத மாணவருக்கு, நல்கை கிடைத்தும் பயணம் கைகூடாமல் போக இது காரணமாகலாம். முன்பணம் வழங்கும் திட்டங்கள் இக்குறையைத் தவிர்க்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

தோல் கழலை நோய்
மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்
தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்