வேட்டைக்களத்திலிருந்து வீடு வரை: இறைச்சியும் கொம்பும்

கீரமங்கலத்தில் எங்கள் நன்னா வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு தேக்குப் பலகையும், அதில் பதித்த புள்ளிமான் கொம்பு ஒரு சோடியும் இருந்தன. தொழுகைக்குப் போய்வரும் ஆண்கள் தொப்பியையும் துண்டையும் அதில்தான் மாட்டுவார்கள். எங்கள் ஊரைச் சுற்றி அன்றும் இன்றும் தென்னையும் பலாவும் பூந்தோட்டங்களுமே உண்டு. மான் உலவும் காடு கிடையாது. நன்னா துப்பாக்கி பிடித்தவருமல்லர். இலங்கையில் கடையொன்றில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியபோது பெட்டியோடு அந்தக் கொம்பையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார் என்பதே வீட்டில் சொல்லப்படும் செய்தி.

சிறுவயதில் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: கொம்பு இங்கே வந்துவிட்டது, மானின் இறைச்சி எங்கே போயிற்று? அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

தொலைவில் கிடைத்த பெரும் விலங்கின் இறைச்சியை வீடு சேர்த்த நிகழ்வுகளுள் முஸ்லிம்கள் நன்கறிந்தது அபூஉபைதா (ரலி) அவர்களின் கடற்கரைப் படைப்பிரிவின் நிகழ்வாகும். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. குறைஷியரின் வணிகக் கூட்டத்தைக் கண்காணிக்க 300 பேர் அனுப்பப்பட்டார்கள். கட்டுச்சோறு ஒரு பை பேரீச்சம்பழம் மட்டுமே. நாளடைவில் ஆளுக்கு ஒரு பழம் என்றாயிற்று. அதைக் குழந்தையைப்போல் சப்பிவிட்டுத் தண்ணீர் குடித்து இரவுவரை தாக்குப்பிடித்தார்கள். அதுவும் தீர்ந்தபின் கோலால் மரத்தை அடித்து இலையுதிர்த்து, நீரில் நனைத்து உண்டார்கள். அந்நிலையில்தான் ‘அன்பர்’ எனப்படும் பெருமீன் ஒன்றைக் கடல் கரையில் ஒதுக்கியது. செத்த பிராணி ஆயிற்றே என்று அபூஉபைதா (ரலி) முதலில் தயங்கினார்கள். பிறகு, நாம் அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், நிர்ப்பந்தத்தில் இருப்பவர்கள் என்று கூறி உண்ண அனுமதித்தார்கள்.

அவர்கள் அங்கே தங்கிய நாட்களின் எண்ணிக்கை அறிவிப்புக்கு அறிவிப்பு வேறுபடுகிறது. ஓர் அறிவிப்பில் ஒரு மாதம். மீனின் கண்குழியிலிருந்து குடம் குடமாகக் கொழுப்பை அள்ளினார்கள்; அந்தக் குழிக்குள் 13 பேர் அமர முடிந்தது. விலா எலும்பு ஒன்றை நட்டு நிறுத்தியபோது, உயரமான ஒட்டகம் அதனடியில் கடந்து சென்றது. புறப்படும்போது இறைச்சியைப் பயணத்துக்கேற்ற வற்றலாக்கிக் கட்டிக்கொண்டார்கள். அரபியில் அதை ‘வஷாயிக்’ என்பர். நம் வீடுகளின் உப்புக்கண்டத்துக்கு உறவுமுறை என்று சொல்லலாம். மதீனா வந்து செய்தியைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் கேட்டது, எங்களுக்குத் தர அந்த இறைச்சியில் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான். கொடுத்தார்கள், உண்டார்கள்.

அந்த விலா எலும்பை நினைத்துப் பாருங்கள். ஒட்டகம் நுழையும் அளவு எலும்பு! வேறு எந்தப் படையாயினும் அதைத் தலைநகர் வாயிலில் நட்டிருக்கும். மதீனாவுக்கு வந்து சேர்ந்ததாக நாம் படிப்பது இறைச்சியைப் பற்றித்தான்.

ஹுதைபிய்யா ஆண்டில் அபூகதாதா (ரலி) வேட்டையாடிய காட்டுக்கழுதையின் செய்தியும் இத்தகையதே. உடனிருந்தவர்கள் இஹ்ராமில் இருந்தார்கள், அவர் இல்லை. கீழே விழுந்த சாட்டையை எடுத்துக் கொடுக்கக்கூட அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் தாமே இறங்கி எடுத்து, விரட்டி வீழ்த்தினார். சிலர் உண்டார்கள்; சிலருக்கு ஐயம். மீதியைச் சுமந்துகொண்டு நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். உங்களில் எவரேனும் அவரை ஏவினீர்களா, விலங்கைச் சுட்டிக்காட்டினீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றதும் உண்ண அனுமதி கிடைத்தது. காலிறைச்சி இருக்கிறது என்றார் அபூகதாதா. நபி (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள்.

வழிப்பயணத்தில் இறைச்சி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கும் வழிகாட்டல் உண்டு. எய்த விலங்கை மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்தாலும், நாற்றமெடுக்காதவரை உண்ணலாம் என்று அபூஸஅலபா (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் செய்தி கூறுகிறது. தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாதல்லவா? பாலைவனத்தின் வறண்ட காற்றில் மூன்று நாள் சாத்தியம். நம் பக்கத்துப் புழுக்கத்தில் காலையில் அறுத்தது மாலைக்குள் நிறம் மாறிவிடும்.

ஆகவே தென்னாட்டிலும் ஈழத்திலும் வேட்டை இறைச்சி தொலைவு போக வேண்டுமானால் அதற்கு உப்போ வெயிலோ புகையோ துணை வேண்டியிருந்தது. இதில் வியப்பான ஒரு முறையை ராபர்ட் நாக்ஸ் எழுதியிருக்கிறார். கண்டி அரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி அவர். நூல் வெளிவந்தது 1681இல். இலங்கைக் காட்டு வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். தேவைப்படும் நாளில் வந்து திறந்துகொள்வார்கள். அம்பு முனை வேண்டுமென்றால், இரவில் கொல்லன் பட்டறையில் இலையால் வெட்டிய மாதிரியையும் கொஞ்சம் இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பேச்சில்லாத வாணிகம் அது. பின்னாளில் துணியும் கோடரியும் கொண்டு அந்தக் காடுகளுக்குள் சென்று பண்டமாற்றுச் செய்தவர்களில் சோனக வியாபாரிகளும் இருந்தார்கள்.

அரசர்களின் வேட்டை வேறு வகை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் கணக்கு வைப்பதில் விருப்பமுள்ளவர். தம் 12ஆம் வயது முதல் ஆட்சியின் 11ஆம் ஆண்டுவரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் தாமே வீழ்த்தியவை 17,167 என்றும் தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். படிக்கும்போது மனம் கனக்கிறது. அதே மனிதர் தாம் வேட்டையாடிய மான்களின் தோல்களைத் தொழுகை விரிப்புகளாக்கி, மக்கள் தொழுவதற்காக அவை மண்டபத்தில் வைக்கச் செய்தார். தாம் வளர்த்த மானொன்று இறந்தபோது, இன்றைய பாகிஸ்தானின் ஷேக்கூபுராவில் அதன் நினைவாக ஹிரன் மினாரை எழுப்பி, அவ்வட்டாரத்தில் மான் வேட்டையையே தடுத்தார். ஒரே நெஞ்சுக்குள் இவ்வளவு முரண்.

நம் தமிழில் மானையும் வேடனையும் பற்றிப் பேசும்போது உமறுப் புலவர் நினைவுக்கு வராமல் இருப்பாரா? சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ மீலாது மேடைகளில் எத்தனையோ முறை விரித்துரைக்கப்பட்டது. குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லும் பிணைமானுக்காக நபி (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள்; மான் சொன்னபடி வருகிறது; வேடன் மனம் மாறுகிறான். அந்த அறிவிப்பின் வலிமையைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் 17ஆம் நூற்றாண்டுத் தமிழ் முஸ்லிம் மனம் வேட்டையை எந்தக் கோணத்தில் காண விரும்பியது என்பதற்கு அந்தப் படலம் சான்று.

ஆங்கிலேயர் காலத்தில்தான் இறைச்சியும் கொம்பும் ஒன்றோடொன்று மோதின. இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். துரை சுடுவார். அவரோடு செல்லும் துப்பாக்கி தூக்குபவர், சமையற்காரர், வழிகாட்டி ஆகியோரில் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். சுட்டவர் பிஸ்மில்லாஹ் சொன்னவரல்லர். துப்பாக்கிக் குண்டோ கூர்முனையால் கிழிப்பதன்று. அதன் விசையால் தாக்குவது. பக்கவாட்டில் அடித்துக் கொல்லப்பட்டது ஆகாது என்னும் ஹதீஸை வைத்து, குண்டுபட்டு இறந்ததை உண்ணலாகாது என்று இந்நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் கூறினர். ஆகவே மான் விழுந்த மறுகணம், உயிர் பிரியுமுன் கழுத்தை அறுக்கக் கத்தியோடு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில்தான் அன்றைய இரவுணவு ஹலாலா இல்லையா என்பது முடிவாகும். முள்ளும் கல்லும் நிறைந்த சரிவில் 200 கஜம் ஓடிச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டால், எதிரே கிடக்கும் மலைபோன்ற கடமானில் ஒரு துண்டும் அவர்கள் வாய்க்கு ஆகாது.

துரைக்கு வேண்டியதோ தலை. கழுத்துத் தோல் முழுதாக இருந்தால்தான் பாடம்செய்து சுவரில் மாட்ட அழகாக இருக்கும். தொண்டையில் விழும் வெட்டு அந்தத் தோலைக் கெடுத்துவிடுகிறது என்று அக்கால வேட்டை எழுத்தாளர்கள் அலுத்துக்கொண்டனர்; அறுப்பதானால் நெஞ்சுக்கு அருகே தாழ்வாக அறுக்கச் சொல்ல வேண்டும் என்று அறிவுரையும் தந்தனர். ஒரே கழுத்து, ஒருவருக்கு அது உணவின் வாயில், மற்றவருக்கு அலங்காரத்தின் விளிம்பு. கூலிக்கு இருந்தவர்கள் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் இருந்தது சிறிய செய்தியன்று.

சுட்ட பிறகு இரண்டும் இருவழியாகப் பிரியும். இறைச்சி பெரும்பாலும் காட்டிலேயே, விலங்கை விரட்டிக் கொடுத்த கிராமத்தாருக்கும் பணியாளருக்கும் பங்காகிவிடும். கொம்பும் தோலும் மாட்டுவண்டியேறி, பிறகு ரயிலேறிப் பயணப்படும். மண்டையோட்டைக் கொதிநீரிலிட்டுச் சதையைக் களைவது, தோலின் உட்புறத்தில் உப்பைத் தேய்த்து நிழலில் உலர்த்துவது, வண்டு அரிக்காமல் மருந்து பூசுவது என்று அதற்கு ஒரு தொழில்நுட்பமே வளர்ந்தது. மைசூரின் ‘வான் இங்கன்’ நிறுவனம் இதில் உலகப் புகழ் பெற்றது. புலி, சிறுத்தைகள் மட்டுமே 43,000க்கு மேல் அவர்கள் கையால் பாடம்செய்யப்பட்டன. காட்டில் தோலைக் கெடாமல் காப்பது எப்படி என்று வேட்டைக்காரர்களுக்கு அவர்கள் கையேடும் வெளியிட்டார்கள். 1999இல் அந்தப் பட்டறை மூடப்பட்டது.

நஸாயியில் ஒரு செய்தி உண்டு. சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ அதன் உரிமையின்றிக் கொன்றவரை அல்லாஹ் விசாரிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அதன் உரிமை யாது என்று கேட்கப்பட்டது. அறுத்து உண்பதுதான், தலையை வெட்டி எறிந்துவிடக் கூடாது என்பது பதில். தலையை வைத்துக்கொண்டு உடலை விட்டுச் செல்லும் ஒரு காலம் வரும் என்று அந்தச் சபையில் யார் எண்ணியிருப்பார்?

கொம்பு வணிகப் பொருளானபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடமான் கொம்பு உள்ளே கெட்டியானது, கத்திப்பிடிக்கு ஏற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகள் இந்தியக் கொம்பை நம்பியிருந்தன. மான் ஆண்டுதோறும் உதிர்ப்பதைப் பொறுக்கி விற்றால் தீங்கில்லைதான். ஆனால் உதிர்ந்தது எது, கொன்று எடுத்தது எது என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இலங்கையில் தோலுக்காகவும் கொம்புக்காகவும் மான்கள் கூட்டங்கூட்டமாக அழிக்கப்பட்டதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1894இல் விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். 1937இல் அங்கே விரிவான சட்டம் வந்தது. நம் பக்கத்தில் வெளிமான்களுக்காகக் கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உதிர்ந்த கொம்பை ஏற்றுமதி செய்வதும் 1998இல் நின்றது. வீட்டில் பழைய கொம்போ தோலோ வைத்திருப்பவர்கள் அறிவித்துப் பதிவுசெய்துகொள்ள 2003இல் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. ஊர்ப்புறங்களில் அந்த அறிவிப்பு எத்தனை வீடுகளை எட்டியதோ!

மார்க்கச் சட்டத்திலும் கொம்புக்குத் தனிப் பேச்சு உண்டு. முறையாக அறுக்கப்படாத பிராணியின் கொம்பும் எலும்பும் அசுத்தமானவை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அவற்றில் உயிரோட்டமில்லை, எனவே அவை தூய்மையானவையே என்பது ஹனஃபி மத்ஹபு. எங்கள் குடும்பம் ஹனஃபி. கடற்கரைப் பக்கத்து ஷாஃபிஈ உறவினர் ஒருவர் வரும்போதெல்லாம் தம் தொப்பியை அந்தக் கொம்பில் மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொள்வார். அதன் காரணம் எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

நன்னாவின் கொம்பு 2003வரை நிலைக்கவில்லை. மான்கொம்பை உரைத்துப் பற்றுப் போட்டால் நெஞ்சுவலியும் வீக்கமும் தணியும் என்பது நாட்டு வைத்தியம். தெருவில் யாருக்கு நோவு என்றாலும் நன்னியிடம் வருவார்கள். சாதி, மதம் பாராமல் அவர் சாணைக்கல்லை எடுத்துவைத்து உரைத்துக் கொடுப்பார். முதலில் கிளைகளின் நுனிகள் போயின. பிறகு ஒரு பக்கத்துக் கிளையை அறுத்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். நான் கல்லூரிக்குப் போன ஆண்டில் விரலளவு அடித்தண்டுகள் இரண்டுதான் பலகையில் மிஞ்சியிருந்தன. நன்னி மவுத்தானபின் வீட்டை இடித்துக் கட்டினார்கள். பலகையில் இப்போது இரண்டு இரும்பாணிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன; தொப்பிகள் அவற்றில் தொங்குகின்றன.