1923 அட்டவணையில் சென்னை மாகாணம்: மெசபடோமியப் போரும் ‘போரிடாதோர்’ என்ற பிரிவும்

முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்தின் பங்கைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் ஒரு வரியில் வந்து நின்றுவிடுகின்றனர். இந்திய அரசு 1923இல் கல்கத்தாவில் அச்சிட்ட ‘பெரும்போரில் இந்தியாவின் பங்களிப்பு’ என்னும் தொகுப்பில் உள்ள அந்த வரி, மாகாணத்திலிருந்து படையில் சேர்ந்தோரை இரண்டாகப் பிரிக்கிறது: போர்வீரர் 51,223, போரிடாதோர் 41,117, மொத்தம் 92,340. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வழிவழியாகப் பெறப்பட்டு வருகின்றன. ஏறத்தாழச் சிப்பாய்களுக்கு நிகராகச் சுமையாட்களையும் ஏவலாட்களையும் அனுப்பிய மாகாணம் இது என்பது ஒன்று. ‘போர்க்குடி’ அல்லாத மக்களின் இயல்பே அதற்குக் காரணம் என்பது மற்றொன்று; இது சில இடங்களில் வெளிப்படையாகவும் பல இடங்களில் பூடகமாகவும் சொல்லப்படுகிறது. மெசபடோமியப் பாலைவனப் போர்முனையின் வரலாற்றில் தமிழ் மாவட்டங்கள் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டதில் இந்த வாசிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இரண்டு முடிவுகளும் நிற்கமாட்டா என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவது கணக்கிலேயே சரிகிறது. இரண்டாவது, சம்பளப் பட்டியலின் பிரிவினையைப் போர்க்களத்தின் பிரிவினையாக எடுத்துக்கொண்டதால் வந்தது. அந்தப் பிரிவினை சென்னை மாகாணத்தில் ஏன் இந்த அளவில் அமைந்தது என்பதை விளக்க மக்களின் இயல்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையடிவாரம் போன்ற ஒரு நிலப்பகுதியில் உழைப்பு எப்படி விலைபோயிற்று என்று பார்த்தாலே போதும்.

1. விழுக்காடு சொல்வது

சென்னை மாகாணத்தில் போரிடாதோரின் பங்கு 44.5 விழுக்காடு. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள் அனைத்தையும் கூட்டினால் 10,97,642 பேரில் 4,14,493 பேர், அதாவது 37.8 விழுக்காடு. சென்னை சராசரிக்கு மேலே இருப்பதால் ‘ஏவலாட்களின் மாகாணம்’ என்ற பெயர் பொருந்துவதுபோலத் தோன்றும். முந்தைய ஆய்வுகள் இங்கே நிறுத்திக்கொண்டன.

ஆனால் அந்தச் சராசரியைக் கீழே இழுப்பது பெரும்பாலும் ஒரே மாகாணம். பஞ்சாபில் 3,49,688 போர்வீரர்களுக்கு 97,288 பேர் மட்டுமே போரிடாதோர், பங்கு 21.8 விழுக்காடு. பஞ்சாபை ஒதுக்கிவிட்டு எஞ்சிய மாகாணங்களைக் கூட்டினால் 6,50,666 பேரில் 3,17,205 பேர் போரிடாதோர். அது 48.8 விழுக்காடு. சென்னை இந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறது. ஐக்கிய மாகாணங்கள் 41.8, பம்பாய் 42.3, சென்னை 44.5 என மூன்றும் அருகருகே வருகின்றன. வங்காளமோ 87.9. விலக்காக இருப்பவை பஞ்சாப், வங்காளம் போன்ற மாகாணங்கள்தான். சென்னைக்குத் தனி விளக்கம் தேவைப்படுவதாகக் கருதுவதற்கு அட்டவணையில் இடமில்லை.

பஞ்சாபை ஒதுக்குவது முடிவுக்கு ஏற்ப எண்ணை வளைப்பது ஆகாதா என்று கேட்கலாம். பஞ்சாபை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் வளைப்பு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய் போருக்கு உதவாதவர் என்ற தம் கருத்தை ஆள்சேர்ப்புக் கொள்கையாக ஆக்கினார். தென்னகப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன, வடமேற்கில் ஆள்சேர்ப்புப் பெருகிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கொள்கையின் விளைவையே எண்ணிக் காட்டி அதன் சான்றாகப் பயன்படுத்துவது முறையான வாதமாகாது.

மக்கள்தொகையைக் கொண்டு எழுப்பப்படும் மறுப்பு வேறு வகை. 1911 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் நான்கு கோடிக்கு மேலும் பிரிட்டிஷ் பஞ்சாபில் ஏறத்தாழ இரண்டு கோடியும் பேர் இருந்தனர். பஞ்சாப் 4,46,976 பேரை அனுப்பியது என்பதை வைத்துப் பார்த்தால் சென்னையின் 92,340 மிகச் சிறிது. இதை மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் போனார்கள் என்பதும், போனவர்கள் எந்தப் பட்டியலில் எழுதப்பட்டார்கள் என்பதும் வேறு வேறு கேள்விகள். இங்கே ஆராயப்படுவது இரண்டாவது.

2. பாலைவனத்தில் அந்தக் கோடு

அட்டவணையின் இரு பத்திகளுக்கும் நடுவே உள்ள கோடு மெசபடோமியாவில் என்னவாயிற்று? 1914 நவம்பர் 6 அன்று ஃபாவில் இறங்கிய இந்தியப் படை, நவம்பர் 22 அன்று பஸ்ராவைப் பிடித்தது. பஸ்ராவில் கடற்கப்பல் அணையக்கூடிய மேடைகள் இல்லை. கப்பலிலிருந்து மஹேலா எனப்படும் நாட்டுப் படகுகளுக்கும், அவற்றிலிருந்து கரைக்கும் சரக்கு கைமாற வேண்டியிருந்தது. உள்நாட்டில் சாலை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. டைக்ரிஸும் யூப்ரடீஸும்தான் வழி. கோடையில் ஆற்றில் நீர் குறைந்து நீராவிப் படகு தரைதட்டும், வசந்தத்தில் வெள்ளம் கரைபுரளும். ஆற்றை விட்டு விலகினால் குடிநீர் கோவேறு கழுதை முதுகில்தான் வர வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பட்டாளம் எத்தனை மைல் முன்னேறும் என்பதைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை.

1917இல் வெளிவந்த மெசபடோமிய விசாரணைக் குழுவின் அறிக்கையை இந்த நோக்கில் மீண்டும் படிக்க வேண்டும். 1915 நவம்பரில் டெசிஃபான் சண்டைக்குப்பின் காயம்பட்டவர்கள் வில்லில்லாத வண்டிகளில் கிடத்தப்பட்டு ஆற்றங்கரைக்கு வந்ததும், அங்கிருந்து படகுகளில் அடுக்கப்பட்டுப் பஸ்ராவுக்கு வந்ததும் அதில் பதிவாகியுள்ளன. அறிக்கையின் விளைவாக இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். அதிகாரிகளின் பொறுப்பின்மை பற்றிய ஆவணமாகவே இது வழக்கமாகப் படிக்கப்படுகிறது. அதன் கண்டனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. பற்றாக்குறையாக இருந்தவை ஆற்றுப் போக்குவரத்து, வண்டி, மருத்துவமனை ஆட்கள், காயம்பட்டோரைத் தூக்குவோர். படையெடுப்பு குலைந்தது 1923 அட்டவணையின் இரண்டாம் பத்தியில் அடங்கும் வேலைகளில்தான். எதிர்த்திசையிலும் இதுவே உண்மை. துறைமுகம் சீரமைக்கப்பட்டு, ஆற்றுக் கப்பல்கள் பெருகி, 1916 இறுதியில் பஸ்ராவிலிருந்து நாசிரியாவுக்கு இரயில் பாதை எட்டிய பிறகே 1917 மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்தது. அதற்கான கைகளைத் தேடி அரசு சிறைகளுக்கும் போயிற்று. 1916 முதல் கைதிகளுக்குத் தண்டனைக் குறைப்பு வாக்களித்து, சிறைத் தொழிலாளர் படைகள் மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டன. இப்படிச் சேர்ந்த ஒருவர் எந்தப் பத்தியில் இருந்தார் என்பதிலிருந்து அவருடைய இனத்தின் இயல்பை எப்படி அறிவது?

டைக்ரிஸ் கரையில் உதுமானியப் படை இந்தியப் படையைச் சூழ்ந்துகொண்ட குட் முற்றுகை இன்னும் கூர்மையான சான்று. 1915 டிசம்பர் 7 தொடங்கி 1916 ஏப்ரல் 29 வரை நீடித்த முற்றுகையின் முடிவில் சரணடைந்தோர் 13,309 பேர்: பிரிட்டிஷ் அதிகாரிகள் 277, இந்திய அதிகாரிகள் 204, பிரிட்டிஷ் சிப்பாய்கள் 2,592, இந்தியச் சிப்பாய்கள் 6,988, இந்திய ஏவலாட்கள் 3,248. ஏறக்குறைய நான்கில் ஒருவர் ‘போரிடாதவர்’. முற்றுகைக்குள் விழுந்த குண்டும் குறைக்கப்பட்ட உணவும் பட்டியல் பார்த்து வரவில்லை. சரணடைந்த பின் நடந்தது அந்தக் கோட்டைத் தலைகீழாக்கியது. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலரை உதுமானிய அரசு ராஸ் அல்-ஐன் பகுதியில் பாக்தாத் இரயில் பாதை வேலைக்கு விட்டது. படையில் துப்பாக்கி ஏந்தியவர் மண் சுமந்தார். ஆனாலும் இந்திய அரசின் ஏட்டில் அவர் போர்வீரர். அவரோடு அதே முற்றுகையில் பட்டினி கிடந்த தண்ணீர்க்காரர் போரிடாதவர்.

குட்டில் சென்னை மாகாணத்தார் எத்தனை பேர் என்பது இங்கே பொருட்டல்ல. பிரிவின் தன்மையைச் சோதிக்கவே அந்தச் சான்று எடுத்துக்கொள்ளப்பட்டது. சோதனையின் முடிவு தெளிவு: அந்தக் கோடு சம்பளம், உணவுப்படி, ஓய்வூதியம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆபத்தையோ போருக்கான பயனையோ அளக்கும் வலிமை அதற்கில்லை.

3. அடிவாரத்தின் வேலைச் சந்தை

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு கடந்து ஏற்காட்டுச் சாலை மலையைத் தொடும் இடம் அடிவாரம். போர்க்காலத்தில் இந்தச் சுற்றுவட்டத்தில் உழைப்புக்கு எத்தனை போட்டி இருந்தது என்பதை மாகாண அட்டவணையிலிருந்து அறிய முடியாது.

மேலே காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வேரூன்றிய காப்பி, நூற்றாண்டு முடிவதற்குள் மலையின் முதன்மைப் பணப்பயிராகிவிட்டது. மலையில் சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரோடு, சமவெளியிலிருந்தும் ஆட்கள் தோட்ட வேலைக்கு ஏறினார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பதும், அந்த முன்பணம் ஆளைக் கட்டிவைப்பதும் தோட்டங்களுக்குப் புதியவை அல்ல. கீழே கருப்பூரை ஒட்டிய சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அங்கே கிடைக்கும் மாக்னசைட் எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டியது. போருக்கு முன் உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் தந்த நாடுகளில் ஆஸ்திரியா முதன்மையானது. 1914இல் அது எதிரணி. கரட்டில் கல் வெட்டியவரின் உழைப்பும் அந்த வகையில் போரோடு தொடுக்கப்பட்டதுதான். அவர் எந்தப் பத்தியிலும் இல்லை.

இவற்றுக்கு அப்பால் இலங்கை, மலாயா, பர்மா. தமிழ் மாவட்டங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கங்காணி வழியாக ஆள் அனுப்பிவந்தவை. அதாவது, முன்பணம், தலைவன், குறித்த கால ஒப்பந்தம் என்ற அமைப்பு கிராமங்களில் ஏற்கெனவே இருந்தது. போர்க்காலத் தொழிலாளர் படைகள் சார்ந்து நின்றதும் இதே அமைப்பைத்தான். சிப்பாய் ஆள்சேர்ப்புக்கு வேண்டிய அமைப்போ வேறு. ஓய்வுபெற்ற சுபேதார், தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பம், படைமுகாமுக்கும் கிராமத்துக்கும் இடையே ஓயாத போக்குவரத்து ஆகியவை அதற்குத் தேவை. ராபர்ட்ஸ் காலக் குறைப்புக்குப்பின் தென்னகத்தின் பெரும்பகுதியில் அவை தேய்ந்துபோயின. ஓர் அமைப்பைத் தேயவிட்டு மற்றொன்றை வளர்த்த மாகாணத்தில், போர் வந்தபோது எந்த வழியில் ஆள் எளிதில் கிடைத்திருக்கும்? 41,117 என்ற எண்ணுக்கு இதுவே போதிய விளக்கம் என்று கருதுகிறேன். அப்படியிருந்தும் 51,223 பேர் போர்வீரர்களாகச் சேர்ந்தார்கள் என்பதற்குத்தான் கூடுதல் ஆய்வு தேவை.

மாகாணம் என்பது தமிழ் நிலம் மட்டுமல்ல, தெலுங்கு மாவட்டங்களும் மலபாரும் தென் கன்னடமும் அதில் அடங்கும்; ஆகவே ஓர் அடிவாரத்தைக் கொண்டு மாகாணத்தை விளக்கலாகாது என்பது நியாயமான எச்சரிக்கை. அதே எச்சரிக்கை மாகாண வரியைக் கொண்டு தமிழரின் இயல்பை விளக்குவோருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

4. இரண்டாம் போரில்

இந்தக் கோடு 1918உடன் அழிந்துவிடவில்லை, இடம் மாறியது. 1920களில் சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டபோது தப்பியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ். பாலம், பாதை, கண்ணிவெடி என வேலையையே போராகச் செய்யும் படைப்பிரிவு அது. இரண்டாம் உலகப் போரில் அதன் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியும் நான்காம் இந்திய டிவிஷனோடு எகிப்தின் மேற்குப் பாலைவனத்திலும் எரித்ரியாவின் கெரனிலும் துனிசியாவிலும் இருந்தன. கண்ணிவயல் நிறைந்த அந்தப் பாலைவனத்தில் காலாட்படைக்கு முன்னே நடந்தவர்கள் சாப்பர்கள்.

அந்த 11ஆம் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் வெடிக்கவிருந்த கண்ணிமேல் தன் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்து உயிர்விட்டார். அவருக்கு அளிக்கப்பட்டது ஜார்ஜ் கிராஸ்; இந்தியப் படையில் அதைப் பெற்ற முதல்வர் அவர். எதிரியின் நேர்முன்னே நிகழாத வீரத்துக்கு உரிய விருது அது. எதிரி புதைத்த கண்ணி எதிரியின் முன்னிலை ஆகாதா என்பது விருது விதிகளுக்குள் அடங்காத கேள்வி. போருக்கும் வேலைக்கும் நடுவே கோடு கிழிப்பவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

5. முடிவும் அதன் பயனும்

1923 அட்டவணையின் சென்னை வரியை இனி சம்பளப் பட்டியலின் சுருக்கமாகவே படிக்க வேண்டும். சேலம் போன்ற மாவட்டங்களின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் எத்தனை பேர் சண்டையிட்டார்கள் என்று தொடங்காமல், தோட்டம், சுரங்கம், கடல்கடந்த ஒப்பந்தம், படை ஆகியவை ஒரே ஆட்களுக்கு எப்படிப் போட்டியிட்டன என்று தொடங்கலாம். 1918இல் வெளியான சேலம் மாவட்டக் கெசட்டியர் முதலிய அறிந்த மூலங்களே அந்தக் கேள்வியோடு படித்தால் புதிதாகப் பேசக்கூடும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியல்ல. 1914 இலையுதிர்காலம் முதல் 1921 ஆகஸ்ட் இறுதி வரை மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பஸ்ரா நினைவிடம் குறிக்கிறது. அதில் பிரிட்டிஷாரும் இந்திய அதிகாரிகளும் பெயரால் இருக்கிறார்கள். சாதாரண இந்தியப் படையினர் பிரிவுவாரியாக எண்களாக இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு 2021இல் ஒப்புக்கொண்டு, விடுபட்ட பெயர்களைத் தேடப் பரிந்துரைத்தது. அந்தத் தேடல் போர்வீரர் பட்டியல்களில் தொடங்கி அங்கேயே முடிந்தால், சம்பளக் கணக்கர் கிழித்த கோட்டைக் கல்லிலும் செதுக்கியதாகவே ஆகும். ஏவலாள், தொழிலாளர், சிறைத் தொழிலாளர் படைப் பட்டியல்களையும் அதே வேளையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதத்திலிருந்து வரும் கோரிக்கை.