தயங்கும் இயந்திரம்: எஸ்.யூ. காபரேற்றரின் வரலாற்றில் ஒரு பகுதி

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவை பழுதுற்ற வரலாறும், பழுதின் காரணம் தேடப்பட்ட வரலாறும் அருகியே பேசப்படுகின்றன. பிரித்தானியாவின் பழைய விளையாட்டுக் கார்களைப் பேணுவோர் யாவரும் அறிந்த ஒரு பழுது, அத்தகைய வரலாற்றுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சாரதி வேகமிதியைத் திடீரென அழுத்துகிறான். கார் முன்னே பாய்வதற்குப் பதிலாக, ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் நின்று, பின்னரே விரைகிறது. இதனையே தயக்கம் என்பர்.

இத்தயக்கத்தின் மூலம் காற்றுக்கும் பெற்றோலுக்கும் இடையிலுள்ள வேற்றுமையாகும். மிதியை அழுத்தியதும் இலேசான காற்று உடனே உட்புகுகிறது. பாரமான பெற்றோலோ சற்றுப் பின்தங்குகிறது. அன்றியும், உறிஞ்சற் குழாயில் அமுக்கம் திடீரென உயர்வதால் ஆவியான பெற்றோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் துளிகளாகப் படிந்துவிடும். இவ்விரு காரணங்களாலும், அதிக வலு வேண்டப்படும் அதே கணத்தில் கலவை நலிந்துவிடுகிறது. நிலையான தாரையுடைய காபரேற்றர்களை ஆக்கியோர், மிதியுடன் சேர்ந்து இயங்கி மேலதிக பெற்றோலைப் பீச்சும் சிறு பம்பி ஒன்றைப் பொருத்தி இக்குறையை ஈடுசெய்தனர்.

எஸ்.யூ. காபரேற்றர் வேறு வழியிற் சென்றது. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யூ. ஆகும். இலண்டனிற் சப்பாத்து வாணிகம் செய்த குடும்பத்தவரான ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னரும் அவருடைய சகோதரர் காளும் இதனைத் தோற்றுவித்தனர். 1910ஆம் ஆண்டில் இதற்கெனக் கம்பனி அமைந்தது. தொடக்ககாலக் காபரேற்றரின் துருத்தி தோலினாலானது என்பது சப்பாத்து வணிகரின் கைவண்ணத்தை நினைவூட்டுவதாயுள்ளது. பின்னர் தோல் துருத்தியின் இடத்தை உலோக முசலம் பெற்றது. எஞ்சின் எவ்வளவு காற்றை வேண்டுகின்றதோ அவ்வளவுக்கு முசலம் தானே உயர, அதனடியிலுள்ள கூம்பிய ஊசி தாரையின் வாயைத் திறந்துவிடும். 1926இல் வில்லியம் மோறிஸ் இக்கம்பனியை வாங்கியதன் பின், மோறிஸ் கார்களிலும் எம்.ஜி. கார்களிலும் இது இயல்பான உறுப்பாயிற்று. இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மோறிஸ் மைனரிலும் இதுவே இருந்தது.

ஆயினும், திடீரெனத் தூக்கப்படும் முசலம் காற்றுக்கு வழிவிட்டுத் தயக்கத்தையே உண்டாக்கும். இதற்குக் கண்ட பரிகாரம் மிக எளிதானது. முசலத்தின் குழற்றண்டினுள் சிறிதளவு எண்ணெய் ஊற்றி, மேலெழும்போது மட்டும் தடுக்கும் தணிப்பான் ஒன்று வைக்கப்பட்டது. முசலம் மெதுவாக உயர, தாரையின் மேல் உறிஞ்சல் மிகுந்து, தேவையான பெற்றோல் வந்துசேரும். 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. காரிற் தயக்கம் தோன்றின், அனுபவமுள்ள திருத்துநர் முதலில் நோக்குவது இவ்வெண்ணெயையே. அது வற்றியிருப்பின் கார் தயங்கும். அது சரியாயிருப்பின், முசலத்தைத் தூக்கி விடுவார். அது ஓசையுடன் தடையின்றி விழவேண்டும். பின்னர் எஞ்சின் ஓடுகையில் முசலத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அங்குல அளவன்று, அதனிலும் மிகச் சிறிதாக, ஒரு மயிரிழையளவே உயர்த்துவார். வேகம் கூடி நிலைத்தால் கலவை செறிந்தது; எஞ்சின் தளர்ந்து நின்றால் நலிந்தது; சற்றுக் கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் அளவானது. இரட்டைக் காபரேற்றராயின், ஒரு குழாயைக் காதில் வைத்து இரண்டின் சீறலையும் ஒப்பிடுவார். இவையனைத்தும் செம்மையாக இருந்தும் தயக்கம் நீங்காவிடின், குற்றம் எரிபற்றல் ஒழுங்கில் இருத்தல் கூடும். காபரேற்றர் மீது சுமத்தப்படும் பழிகளுட் பல அதற்குரியனவல்ல.

இதே கம்பனியின் காபரேற்றர், உயிரைப் பணயமாக வைத்த இன்னொரு தயக்கத்துக்கும் இடமாயிற்று. 1940இல் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களை இயக்கிய றோல்ஸ் றோய்ஸ் மேர்லின் எஞ்சின் எஸ்.யூ. காபரேற்றரையே கொண்டிருந்தது. ஜேர்மானிய மெஸ்ஸர்ஸ்மிற் 109இன் எஞ்சினோ பெற்றோலை நேரே உட்செலுத்துவது. ஜேர்மன் விமானி மூக்கைத் தாழ்த்திச் சடுதியாகக் கீழே பாய்ந்தால், பின்தொடரும் மேர்லின் எஞ்சின் வலுவிழந்து, கரும்புகை கக்கித் தடுமாறியது. பிரித்தானிய விமானிகள் முதலில் விமானத்தைப் புரட்டிவிட்டுப் பின்னரே பாயவேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தப்பிவிடலாம். தாமே துரத்தப்படுவோராயின் உயிரே போகலாம்.

ஃபார்ன்பரோவிலிருந்த அரச வானூர்தி ஆய்வு நிலையத்தில் இதன் காரணம் ஆராயப்பட்டது. தடுமாற்றம் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டமையே அவ்வாய்வின் சிறப்பாகும். முதலில் பெற்றோல் மிதவை அறையின் கூரைக்கு எறியப்பட, தாரை வறண்டு கலவை நலிகிறது. அடுத்து, மிதவை தலைகீழாகத் தொழிற்பட்டு வாயிலை முற்றாகத் திறந்துவிட, பம்பியின் பெற்றோல் அறையை நிரப்பி எஞ்சினை மூழ்கடிக்கிறது. கூடிய கேடு விளைத்தது இரண்டாவதே. அங்கு பணியாற்றிய பொறியியலாளர் பியற்றிஸ் ஷில்லிங், எஞ்சினின் உச்ச வலுவுக்கு வேண்டிய அளவு பெற்றோலையே கடக்கவிடும் துளையுடைய சிறு உலோகத் தட்டொன்றை வகுத்தார். விமானத்தைச் சேவையிலிருந்து விலக்காமலே அதனைப் பொருத்த முடிந்தது. மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பயின்ற இவர், 1934இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் மோட்டார்ச் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செலுத்தித் தங்க நட்சத்திரம் பெற்றவர். விமானப் படையினர் அத்தட்டுக்கு இட்ட வேடிக்கைப் பெயரில் ஏளனத்தின் சாயல் இருப்பினும், அதுவே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

இத்தட்டே பிரித்தானிய வான்போரை வென்று தந்தது என எழுதுவோர் உளர். அது காலமுறைக்கு ஒவ்வாத கூற்றாகும். அப்போர் 1940 ஒக்ரோபரில் ஓய்ந்தது. தட்டு படைப்பிரிவுகளிற் பரவலாகப் பொருத்தப்பட்டதோ 1941 மார்ச்சில். எனவே, வான்போரிற் பங்கேற்ற விமானிகள் குறையுள்ள எஞ்சினுடனேயே போராடினர் என்பதே உண்மை. றோல்ஸ் றோய்ஸ் பொறியியலாளர் ஸ்ரான்லி ஹூக்கர், காபரேற்றரைத் தெரிந்தமை தவறன்று எனப் பிற்காலத்தில் வாதிட்டார். மிகையூட்டிக்கு முன்னரே பெற்றோல் ஆவியாவதால் கலவை ஏறத்தாழ 25 பாகை குளிர்ந்து, வலு கூடிற்று என்பது அவர் கட்சி. அவ்வாதத்தில் நியாயமுண்டு, ஆனால், பாயும் எதிரியைத் தொடரமுடியாத விமானிக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமோ என்பது வேறு கேள்வி. தட்டு நலிவுத் தடுமாற்றத்தை முற்றாக நீக்கவில்லை. 1943 அளவில் வந்த அமுக்கக் காபரேற்றரே அதனை நீக்கியது.

ஷில்லிங் 1969 வரை ஃபார்ன்பரோவிலேயே பணியாற்றினார். போருக்குப் பின் அவரும் அவர் கணவர் ஜோர்ஜ் நெய்லரும் ஓட்டப்போட்டிகளிற் செலுத்திய கார்களுள் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் வகையும் ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த சாதாரண ஸ்பிரைற்றில் இருந்தவை எஸ்.யூ. காபரேற்றர்கள் இரண்டு.