ஹைலைட்ஸ் செய்த முடிக்கு வீட்டிலேயே டை அடிக்கலாமா? பச்சை நிறமாக மாறாமல் இருக்க என்ன செய்யணும்?

ஆசையாக பார்லரில் ஹைலைட்ஸ் போட்டாச்சு. சில மாதங்களில் வேர்ப்பகுதி கறுப்பாக வளர்ந்து, கீழே மட்டும் மஞ்சள் கோடுகள் வெளிறித் தெரிகின்றன. புது வேலை, வீட்டில் கல்யாணம் என ஏதோ ஒரு காரணத்துக்காக பழைய நிறத்துக்கே திரும்ப வேண்டும். கடையில் ஒரு பாக்கெட் டை வாங்கி அடித்தால் போதுமா? அப்படி அடித்த பலருக்கும் முடி திட்டுத்திட்டாக, சில இடங்களில் பச்சையாகக்கூட மாறிவிடுகிறது. ஏன் இப்படி ஆகிறது? எப்படித் தவிர்ப்பது?

ஒரே தலையில் இரண்டு வகை முடி

நம் முடிக்கு நிறம் தருவது மெலனின். ஹைலைட்ஸ் போடும்போது பிளீச் பவுடரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து இந்த மெலனினைச் சிதைக்கின்றன. கறுப்பு முடி முதலில் சிவப்பாக, பிறகு ஆரஞ்சாக, கடைசியில் மஞ்சளாக வெளுக்கும். முடியின் மேல் அடுக்கும் சேதமாகி, ஸ்பாஞ்ச் போல ஆகிவிடும். அதனால் பிளீச் செய்த முடி டையை வேகமாக உறிஞ்சி, நினைத்ததைவிட கருமையாகும். அதே வேகத்தில் நிறத்தை இழக்கவும் செய்யும். பக்கத்திலேயே இருக்கும் இயற்கையான முடி அப்படி நடந்துகொள்ளாது.

பச்சை எங்கிருந்து வருகிறது?

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்தால்தான் பிரவுன். ஹைலைட்ஸ் செய்த முடியில் சிவப்பு போய்விட்டது, மஞ்சள் மட்டும் மிச்சம். அதன்மேல் நீலச் சாயல் கொண்ட 'ஆஷ்' பிரவுன் டையை அடித்தால், மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை தட்டும். சின்ன வயதில் பெயின்ட் கலந்து பார்த்த அதே கணக்குதான்.

இதற்குத் தீர்வு, போன சிவப்பைத் திருப்பிக் கொடுப்பது. ஹைலைட்ஸ் ஆரஞ்சு கலந்த நிறத்தில் இருந்தால், 'கோல்டன் பிரவுன்' போன்ற ஷேடே போதும். வெளிர் மஞ்சளாக இருந்தால், முதலில் செம்பு நிற செமி-பெர்மனென்ட் கலரை அந்தக் கோடுகளில் மட்டும் தடவி அலசிவிட்டு, அதன்மேல் பிரவுன் அடிக்க வேண்டும். பார்லர்களில் இதை 'பில்லிங்' என்கிறார்கள்.

எந்த டை வாங்கணும்?

* பாக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் 1 என்றால் கறுப்பு. எண் கூடக்கூட நிறம் வெளிரும். வேண்டிய நிறத்தைவிட ஒரு எண் கூடுதலாக வாங்குவது நல்லது. போதவில்லை என்றால் மறுபடி அடிக்கலாம். கருமையானதைக் குறைப்பது கஷ்டம்.
* 'டெமி-பெர்மனென்ட்' வகை ஏற்றது. இதில் பெராக்சைடு பொதுவாக 3% அல்லது அதற்கும் குறைவு. பெர்மனென்ட் டையில் இருக்கும் 6% டெவலப்பர், இயற்கையான முடியையும் லேசாக வெளுத்து, பிறகு செம்பட்டையாகக் காட்டும்.
* ஒரேயடியாக கறுப்பு வேண்டாம். ஒரு டையை இன்னொரு டை வெளுக்காது. பின்னாளில் மனசு மாறினால் மறுபடி பிளீச்தான். ஏற்கெனவே பலவீனமான முடி அதைத் தாங்காது.
* 'ஹென்னா' என்று எழுதியிருந்தாலே இயற்கை என்று நம்ப வேண்டாம். 'கறுப்பு ஹென்னா' பவுடர்கள் பலவற்றில் ரசாயன டை இருக்கும். சுத்தமான மருதாணி, வெளுத்த முடியை பளிச்சென்ற ஆரஞ்சாக்கும். அவுரிப் பொடியைத் தனியாகப் போட்டால் பச்சை தட்டலாம்.

48 மணி நேரம் முன்பே செய்ய வேண்டியது

பல டைகளில் பிபிடி எனப்படும் பாரா-ஃபினைலின்டையமின் உள்ளது. இது சிலருக்கு கடுமையான அலர்ஜியை உண்டாக்கும். 'அம்மோனியா இல்லை' என்று போட்டிருந்தாலும் பிபிடி இருக்கலாம். இதற்கு முன் பலமுறை அடித்து ஒன்றும் ஆகாதவர்களுக்கும் திடீரென வரலாம். அதனால் பாக்கெட்டில் சொல்லியபடி காதுக்குப் பின்னாலோ, முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, வீக்கம் வந்தால் அந்த டையைத் தொடவே வேண்டாம். முன்பு 'கறுப்பு மெஹந்தி' போட்டு கொப்புளம் வந்தவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் டை அடிக்கக் கூடாது.

எப்படி அடிப்பது?

1. பிளீச் செய்து 2 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தலையில் புண், கீறல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.
2. பின்கழுத்துப் பக்கம் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் அடித்து, அலசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் போதும் என்பது இதில் தெரிந்துவிடும்.
3. கிளவுஸ் அணியுங்கள். நெற்றி ஓரம், காது ஓரங்களில் வாசலின் தடவுங்கள். புருவத்துக்கோ இமைக்கோ இந்த டையைப் போடவே கூடாது.
4. இயற்கையான முடியின் நிறமே வேண்டும் என்றால், தலை முழுக்கத் தேவையில்லை. ஹைலைட்ஸ் கோடுகளில் மட்டும் தடவினால் போதும்.
5. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்தைத் தாண்ட வேண்டாம்.
6. கலந்ததில் மீந்ததை மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். கொட்டிவிடுங்கள்.

அடுத்த 2 நாட்களுக்கு ஷாம்பு வேண்டாம். பிறகும் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, வெந்நீருக்குப் பதில் சாதாரண தண்ணீர் என்று இருந்தால் நிறம் கொஞ்ச நாள் கூட நிற்கும். இருந்தாலும் சில வாரங்களில் வெளிறத்தான் செய்யும். மறுபடி ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும்.

யார் வீட்டில் முயற்சிக்கக் கூடாது?

ஈரமாக இருக்கும்போது முடியை இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு அறுந்தால் முடி மோசமாகச் சேதமடைந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த டையும் வேண்டாம். உலோக உப்பு கலந்த ஹென்னா பவுடர் ஏற்கெனவே போட்டவர்களுக்கும் ஆபத்து. பெராக்சைடு பட்டால் முடி சூடாகி உடையலாம்.

டை அடித்த பிறகு எரிச்சல் வந்தால் உடனே நிறைய தண்ணீரில் அலசுங்கள். முகம், கண் இமை வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டை பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் சென்றால், அதில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய உதவும்.