காத்து மாண்டவனுக்கே கல்

2017 ஆம் ஆண்டு யூலை 22 ஆம் நாள், சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் அவர்களின் வாகனம் நல்லூரைக் கடந்துகொண்டிருந்தது. கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையிலுள்ள சந்தியொன்றில், அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திரவின் கைத்துப்பாக்கியை ஒருவன் பறித்து அவரையே சுட்டான். உடனிருந்த மற்றொரு காவலரும் காயமுற்றார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஹேமச்சந்திர உயிர் நீத்தார். அவர் சிலாபத்தைச் சேர்ந்த சிங்களவர். இரு பிள்ளைகளின் தந்தை. பத்தாண்டுக்கும் மேலாக ஒரே தமிழ் நீதிபதிக்கு உயிர்க்காவலாக நின்றவர்.

அன்று நாடு முழுவதும் ஒரு காட்சியைக் கண்டது. மரண தண்டனை வழங்கும் அதிகாரம் படைத்த நீதிபதியொருவர், தம் காவலரின் மனைவி முன் நிலைகுலைந்து கதறி அழுதார். சிலாபத்துக்குச் சென்று இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டார். அப்பிள்ளைகள் இனித் தம் பிள்ளைகள் என்று பொறுப்பேற்றார். வடபுலத்துச் சட்டத்தரணிகள் பணியிலிருந்து விலகிநின்று கண்டனம் தெரிவித்தனர். கொலையின் நோக்கம் யாது என்பது பற்றி அன்று பலவாறு பேசப்பட்டது. அது நீதிமன்றத்துக்குரிய பொருள். நாம் இங்கே ஆராய விரும்புவது வேறொன்று. பொலிஸ் என்றால் அஞ்சியும் வெறுத்தும் பழகிய ஒரு மக்கட் கூட்டம், சீருடை அணிந்த ஒரு சிங்களக் காவலருக்காக உண்மையாகவே கண்ணீர் வடித்தது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது? கடமையில் மாண்ட காவலனை மதிப்பது என்றால் என்ன?

இறந்துபட்ட வீரனை மதிக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிமுறையாகவே வகுத்துரைக்கின்றது. ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான்; கவரப்பட்ட நிரையை மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். இரு சாராருக்கும் கல் நின்றதுண்டு. ஆயினும், ஊரார் தம் நெஞ்சிற்கு நெருக்கமாகப் போற்றியது ஊரின் உடைமையைக் காத்து மாண்டவனையே என்று கொள்ளுதல் தகும். திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தன் எருமைகளின் புறத்தே நின்று பொருது பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவன் அரசன் அல்லன். அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்திருந்த நாயின் உருவமும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்ற அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. காத்தது நாயேயாயினும் அதன் பெயர் அழியக் கூடாது என்று எண்ணிய மக்கள் நம் முன்னோர். இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு பிற்கால வரலாற்றை நோக்குவோம்.

இலங்கையில் கடமையின்போது உயிரிழந்த முதற் பொலிஸ்காரர் என்று சபான் என்னும் கான்ஸ்டபிள் போற்றப்படுகின்றார். அவர் மலாய் இனத்தவர். 1864 மார்ச் 21 ஆம் நாள் மாவனல்லையில், உத்துவான்கந்தைச் சரதியல் என்னும் கொள்ளைக்காரனைப் பிடிக்கச் சென்ற வேளையில், சரதியலின் தோழனான மம்மலே மரைக்காரின் துப்பாக்கிச் சூட்டிற்கு அவர் பலியானார். பிடிபட்ட சரதியல் அவ்வாண்டு மே 7 ஆம் நாள் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். ஆண்டுதோறும் மார்ச் 21 ஆம் நாளைப் பொலிஸ் வீரர் தினமாக அரசு கொண்டாடி வருகின்றது.

ஆனால் மக்களின் நினைவு வேறு வழியிற் சென்றது. செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்தவன் என்று சரதியலைப் பற்றியே சிங்கள நாட்டுப்புறம் கதை வளர்த்தது. அரசு கான்ஸ்டபிளை நினைவில் வைத்தது. மக்கள் கள்வனை நினைவில் வைத்தார்கள். இதனை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத குடியானவரின் காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. அந்நிலம் கோப்பித் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயிற்று. நிலத்தைப் பறித்த சட்டமே கள்வனையும் தேடி வந்தபோது, குடியானவன் எந்தப் பக்கம் நிற்பான்? இதில் இரக்கத்துக்குரியவர் சபானே. ஒல்லாந்தர் காலத்திலிருந்து கடல் கடந்து கொணரப்பட்ட சிறுபான்மையினர் வழிவந்த ஓர் எளிய மனிதர், தாம் ஆக்காத சட்டத்துக்காக மாண்டார்.

சபான் இறந்த மறு ஆண்டிலேயே, 1865 இல், 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1866 இல் பம்பாய் மாகாணத்து இரத்தினகிரிப் படைக்குத் தலைமை தாங்கிய காம்பெல் என்பவர் இங்கே பொலிஸின் தலைவரானார். அடக்கப்பட்ட நாடொன்றை ஆளுவதற்கு அமைத்த படை, மக்களுக்குத் தொண்டு செய்யும் அமைப்பாக ஒரே நாளில் மாறிவிடுமா? 1940 சனவரி 10 ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரில் ஒருவரான கோவிந்தன் பொலிஸின் குண்டுக்கு இரையானார். அன்றும் சட்டம் காத்தது தோட்டத் துரையின் ஆட்சியையே.

காவலனின் சாவை ஆளும் வர்க்கம் தன் ஆயுதமாக்கிக்கொண்ட வரலாறு உலகறிந்தது. மே தினத்தின் தோற்றுவாயை அறிந்த நம் வாசகர் சிக்காகோவையும் அறிவர். 1886 மே 4 ஆம் நாள் ஹேமார்க்கற் சதுக்கத்துக் கூட்டத்தில் எறியப்பட்ட குண்டினாலும், தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டினாலும் ஏழு பொலிஸார் இறந்தனர். குண்டெறிந்தவன் யாரென்று எவரும் நிறுவவில்லை. எனினும் தொழிலாளர் தலைவர் நால்வர் 1887 இல் தூக்கிலிடப்பட்டனர். 1889 இல் அதே இடத்திற் பொலிஸ்காரன் சிலையொன்று எழுந்தது. 1893 இல் எஞ்சிய மூவரையும் விடுவித்த ஆளுநர் ஆல்ட்கெல்டு, வழக்கு நீதியற்றது என்று எழுதினார். அச்சிலைக்கு நிலைத்த இடம் கிடைக்கவில்லை. 1969 இலும் 1970 இலும் அது குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஈற்றிற் பொலிஸாரின் வளவுக்குள்ளேயே அது அடைக்கலம் புகுந்தது. இறந்த அந்த எழுவரும் குடும்பம் உள்ள மனிதர்களே. ஆனால் அநீதியான தூக்குமேடையைத் தாங்கும் தூணாக அவர்களுடைய சாவு பயன்படுத்தப்பட்டமையால், அவர்களுக்கு உரிய இரக்கமும் கிடையாமற் போயிற்று.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1974 சனவரி 10 ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னாற் கூடியிருந்த மக்கள்மீது பொலிஸார் பாய்ந்தனர். தமிழ் கேட்க வந்தோர் பிணமாயினர். காவல் என்ற சொல்லின் பொருள் அன்றிரவு நமக்கு மாறிப்போயிற்று. 1977 இல் மாவிட்டபுரத்திலும் இணுவிலிலும் பொலிஸார் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்கள் தமிழர்கள், நம் ஊர்ப் பெற்றோரின் பிள்ளைகள். துரோகி என்ற ஒரு சொல் அவர்களுடைய சாவின்மேல் மூடுகல்லாக வைக்கப்பட்டது. நாமும் வாய் மூடியிருந்தோம்.

1981 மே 31 ஆம் நாள் நாச்சிமார் கோயிலடியில் நடந்த தேர்தற் கூட்டத்திற் காவலுக்கு நின்ற பொலிஸார் சுடப்பட்டு இருவர் உயிரிழந்தனர். அன்றிரவே பொலிஸார் பழிவாங்கப் புறப்பட்டனர். தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினரின் வீடு, ஈழநாடு நாளிதழின் பணிமனை, கடைகள் எனத் தீ பரவிற்று. யூன் 1 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து சாம்பராயிற்று.

இங்கே ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். நூலகம் எரிந்த நாளை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். நாச்சிமார் கோயிலடியில் இறந்த அவ்விருவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களைச் சுட்டவர்கள் அவர்களைச் சீருடைகளாக மட்டுமே கண்டனர். அவர்களின் பெயராலே தீ வைத்தவர்களோ, அத்தீயிலே அவர்களின் நினைவையும் எரித்தனர். தோழனுக்காகச் செய்த பழி என்று சொல்லப்பட்ட அச்செயலைப் போன்று, இறந்த காவலனுக்கு இழைக்கப்பட்ட பெரிய இழிவு பிறிதொன்றில்லை. நாயின் பெயரையும் கல்லிற் பொறித்த இனத்தின் வழிவந்த நாம், நம் கோயில் வாசலிற் காவல் நின்று இறந்த மனிதரின் பெயரைக் கேட்டும் பார்க்கவில்லை.

1990 யூன் 11 ஆம் நாள் கிழக்கில் நிகழ்ந்ததோ இன்னும் கொடியது. மேலிடத்தின் பணிப்பின்படி சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் பலராக அவருள் இருந்தனர். ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் கொல்வதை எந்தப் புறத்துறையிலும் வீரம் என்று வகுக்கவில்லை. இதனைச் சொல்லத் தயங்கும் தமிழன், 1974 ஐப் பற்றிப் பேசும் அறவுரிமையையும் பாதி இழந்தவனாகின்றான்.

போர் 2009 இல் முடிந்தது, பொலிஸ் மாறவில்லை. 2016 ஒக்ரோபர் 20 ஆம் நாள் இரவு, குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளிற் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸ் சூட்டினால் இறந்தனர். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. பின்னர் பொலிஸார் ஐவர் கைதாயினர். அந்த ஈரம் காய்ந்திராத ஒன்பதாம் திங்களில் நல்லூரில் ஹேமச்சந்திர விழுந்தார். அதே நகரம் அவருக்காக அழுதது.

முரண்பாடு போலத் தோன்றும் இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்பதே நம் கருத்து. மக்கள் சீருடையை அளக்கவில்லை. அது காத்த பொருளையே அளந்தனர். அன்று இளஞ்செழியன் அவர்கள், 2015 மே மாதத்திற் புங்குடுதீவிற் பள்ளி மாணவியொருத்தி சீரழித்துக் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த மூன்று தமிழ் நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்தில் ஒருவர். அவ்வழக்கிலே எழுவர் குற்றவாளிகள் என்று 2017 செப்ரெம்பர் 27 ஆம் நாள் தீர்ப்பளிக்கப்பட்டது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் நீதி உண்டு என்று தமிழ் மக்கள் நம்பிப் பார்த்திருந்த ஓர் ஆசனத்தை, சிலாபத்து மனிதர் தம் உடலாற் காத்து நின்றார். இது கரந்தை. ஆகவேதான் நெடுங்காலம் மூடிக்கிடந்த நெஞ்சு திறந்தது.

அவர் எந்த வர்க்கத்திலிருந்து வந்தவர் என்பதையும் மறத்தலாகாது. நெல்வயலும் தென்னந்தோப்பும் போதிய சோறு தராத ஊர்களிலிருந்து, நிரந்தரச் சம்பளத்தை நாடிப் பொலிஸிற் சேரும் இளைஞர் ஆயிரக்கணக்கானோர். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்களுக்கில்லை. அரசு அவர்களைத் தன் குறுந்தடியாகப் பயன்படுத்துகின்றது. அடி வாங்குபவனும் ஏழை. அடிக்க ஏவப்படுபவனும் ஏழை. இவ்வுண்மை அடித்தவனின் குற்றத்தைத் துடைத்துவிடாது. ஆனால் ஏவியவனை மறைவிலிருந்து வெளியே இழுத்துக் காட்டும்.

ஆதலின் இரு தவறுகளை நாம் தவிர்த்தல் வேண்டும். ஹேமச்சந்திரவின் தியாகத்தைக் காட்டி, பார்த்தீர்களா, பொலிஸ் உங்கள் நண்பன் என்று பழைய கணக்குகளை மூடிவிட முனைவது முதற்றவறு. ஒருவருடைய சாவு குளப்பிட்டிக்கும் நூலகத்துக்கும் ஈடாகாது. அவ்வாறு ஈடாக்குவது அவரையே அவமதிப்பதாகும். பொலிஸ் செய்த கொடுமைகளை எண்ணி, மாண்ட மனிதனுக்கு உரிய மதிப்பை மறுப்பது மற்றைத் தவறு. அஃது 1981 இல் நாம் செய்த தவறு. அமைப்பைக் கண்டிப்பதும் மனிதனைப் போற்றுவதும் ஒரே நீதியுணர்வின் இரு கிளைகள்.

கல் நாட்டுவதோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. தமிழில் முறைப்பாடு சொல்ல வந்தவனுக்கு அவன் மொழியிலே எழுதிக்கொடுக்கும் பொலிஸ் நிலையம் வேண்டும். 1987 இன் 13 ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு வகுத்த பொலிஸ் அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிட்டது. அது செயலுக்கு வரவேண்டும். 1865 இன் சட்டம் விட்டுச்சென்ற ஆண்டான் மனப்பான்மை ஒழிய வேண்டும். காவலன் காக்கும் சட்டம் மக்களின் சட்டமாக அமையும் நாட்டிலேதான், அவனுடைய சாவுக்கு மக்கள் தாமாகக் கல் எடுப்பர்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பணி உண்டு. யூன் 1 ஆம் நாள் நூலகத்தைப் பற்றி மாணவருக்குச் சொல்லும்போது, அதற்கு முதல் நாள் நாச்சிமார் கோயிலடியில் இறந்த இருவரையும் சொல்வோம். முல்லோயாக் கோவிந்தனைச் சொல்லும்போது மாவனல்லைச் சபானையும் சொல்வோம். 1983 இன் ஆறாத நினைவுகளைச் சுமந்துவரும் யூலையிலே, சரத் ஹேமச்சந்திர என்ற பெயரையும் வகுப்பறையில் உரக்க உச்சரிப்போம். யார் எதைக் காத்து மாண்டார் என்று கேட்கக் கற்ற மாணவன், நாளை எந்தச் சீருடையை அணிந்தாலும், எதைக் காக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பான்.